ஈஸ்வரியின் நிறமும் என் இடது கன்னமும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தவன். லாட் நம்பர், துணி எடை, ‘ஓகே’, ‘நாட் ஓகே’ என்பதற்கு மேல் என் பேனா எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடினால் பேசவே வாய் வராது. (கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்திருக்கிறேன். அதுவும் சொந்தத் தம்பி கல்யாணத்தில்.) ஆனால் இந்தக் கதையை என் வீட்டிலும், என் மனைவி ஈஸ்வரியின் கம்பெனியிலும் ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என் மானம் ஒரு சுற்று இளைத்துப்போகிறது. முழுதாய்க் கரைவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. நிறம். சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டுக்காரர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பார். நாங்கள் அதைப் பார்த்து மூன்று துண்டுகளுக்குச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று பேனாவால் எழுதி அனுப்புவோம். அவர் ஒன்றை ஓகே செய்வார். அதற்குப் பெயர் லேப் டிப். ‘அண்ணன் பாத்தா அப்புறம் அப்பீலே இல்லீங்க’ என்று பட்டறையில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

ஈஸ்வரி ஒரே பனியன் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். தையல் லைனில் ஆரம்பித்து, லைன் சூப்பர்வைசராக ஆனவள். அதற்காக ஆண்டு விழாவில் மேடையேற்றி ஷீல்டு தருவதாகவும், அந்தப் படத்தைப் பெரிதாக ஃபிரேம் போட்டுக் கம்பெனி வாசலில் மாட்டப்போவதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். அங்கே படமாகத் தொங்கப்போகும் முதல் பெண் அவள்தான்.

செய்தியைச் சொல்லிவிட்டு அவள் சந்தோஷப்படவில்லை. பீரோவைத் திறந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்து என் மடியில் போட்டாள்.

“பாருங்க.”

பார்த்தேன். அந்தக் காலத்தில் அழகுபடுத்த வந்த பெண் என்ன பூசினாளோ, ஈஸ்வரியின் முகம் வெள்ளையடித்த சுவராக இருந்தது. கழுத்துக்குக் கீழே அவள் நிறம். முகம் ஒரு ஊர், கை ஒரு ஊர். அடுத்து ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் இரண்டு கண்ணும் ஒரு மூக்குத்தியும்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் இருட்டு. அதற்கடுத்து, மகள் தரணி வயசுக்கு வந்த சீருக்கு எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் தேய்த்து, தாயை மகளுக்குத் தங்கையாக்கி, தந்தத்தில் கடைந்து வைத்திருந்தார்.

“ஒரு படத்துலயாச்சும் நான் இருக்கறனுங்களா?” என்று கேட்டாள். “எனக்கு வெள்ளையா வேண்டாமுங்க. என்ற நெறத்துலயே இருக்கோணும். இந்தக் கன்னத்து மங்கு மட்டும் மறையோணும். அவ்வளவுதான்.”

கன்னத்தில் கருந்திட்டாக அந்த மங்கு விழுந்து நாலைந்து வருடமாகிறது. அதைப்பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. அன்றுதான் பேசினாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“ஷேடு விஷயமா? அதை எங்கிட்ட உடு புள்ள,” என்றேன்.

கல்லூரிக்குப் போகும் தரணி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, அது துணி இல்லீங்கப்பா. மூஞ்சி.”

“நெறம் நெறந்தான் கண்ணு,” என்றேன். (இப்படியொரு வசனத்தை நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை.)

எனக்கும் ஈஸ்வரிக்கும் ஒரே நிறம். பெண் பார்க்கப் போனபோதே, ‘ஒரே லாட்டுல எடுத்த மாதிரி இருக்குது’ என்று என் சித்தப்பா சொன்னார். (ஒரே தடவையாகச் சாயமேற்றி எடுக்கிற துணிக்கு லாட் என்று பெயர்.) எனவே அவளை இழுத்துக்கொண்டு அலையத் தேவையில்லை, என் கையே போதும் என்று முடிவுசெய்தேன். அனுப்பர்பாளையத்திலிருந்து மொபெட்டை எடுத்துக்கொண்டு, திருப்பூர் டவுனில் ஒரு பெரிய ஃபேன்சி கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை முன்னும் பின்னும் நடந்து, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்து, பிறகு உள்ளே நுழைந்தேன்.

“என்ன பாக்கறீங்க சார்?” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

“ஃபவுண்டேசனுங்க.”

“யாருக்குங்க சார்?”

மனைவிக்கு என்று சொல்ல வேண்டும். எளிமையான பதில். ஆனால் பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்று என்னையே பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது, “எனக்குத்தானுங்க.”

அந்தப் பெண் அசரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், என் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ட்யூபை எடுத்து வைத்தாள்.

“இது ரொம்ப வெளுப்பா இருக்குதுங்களே?”

“ரெண்டு ஷேடு தூக்கலாப் போட்டாத்தான் சார் மேடையில எடுப்பாத் தெரியும். எல்லாரும் அப்படித்தான் வாங்குவாங்க.”

“வேண்டாமுங்க. இந்தக் கையோட சேர்றதா குடுங்க.”

அடித்தட்டில், தூசு படிந்து கிடந்த மூன்று கருத்த ஷேடுகளைத் தேடி எடுத்தாள். என் முன்னங்கையில் மூன்று கோடுகள் இழுக்கச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கோடுகளுக்குக் கீழே ஏ, பி, சி என்று எழுதிக்கொண்டேன். “நாளைக்கு ஓகே சொல்றேனுங்க,” என்று வெளியே வந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தில் அப்போது இருந்த பார்வையைக் கோயம்புத்தூரில் மனக்கோளாறு பார்க்கிற பெரிய டாக்டர்களிடம்தான் பார்க்கலாம்.

நேரே பட்டறை லேபுக்குப் போய் லைட் பாக்ஸுக்குள் கையை விட்டேன். லைட் பாக்ஸ் என்பது உள்ளே சாம்பல் நிறம் அடித்த ஒரு பெட்டி. ஒரு சுவிட்சைப் போட்டால் டேலைட், அதாவது பகல் வெளிச்சம். இன்னொன்றுக்குக் கடை டியூப்லைட். மற்றொன்றுக்கு மஞ்சள் பல்பு. ஒரு வெளிச்சத்தில் அண்ணன் தம்பியாக இருக்கிற இரண்டு நிறங்கள், இன்னொரு வெளிச்சத்தில் பாகப்பிரிவினை கேட்டு நிற்கும். அதற்காகத்தான் அத்தனை சுவிட்சுகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல்நாள் சொல்லித்தரும் பாடமே அதுதான்.

விழா நடக்கப்போவது கேன்டீன் ஹாலில். ஹாலில் டியூப்லைட். எனவே டியூப்லைட் சுவிட்சைப் போட்டேன். சி கோடு என் தோலோடு ஒன்றாகிக் காணாமல் போனது. அற்புதம்! வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வியர்வைக்குத் தாங்குமா என்று, சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு, அவிநாசி ரோட்டில் மத்தியான வெயிலில் மொபெட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தேன், கரையவில்லை. பகல் வெளிச்ச சுவிட்சு என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. ஹாலுக்குள் ஏது வெயில் என்று அதைத் தொடவே இல்லை. மறுநாள் கடைக்குப் போய் சி ஷேடை வாங்கிவந்தேன்.

விழா அன்று வீட்டு டியூப்லைட்டின் கீழே ஈஸ்வரிக்குத் தரணி சி ஷேடைப் பூசிவிட்டாள். நன்றாகவே இருந்தது. தரணிக்குப் பரீட்சை; அவள் வரவில்லை. தூசு படக்கூடாது என்று ஈஸ்வரி முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மொபெட்டில் பின்னால் ஏறினாள். கம்பெனி வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தேன். ஹாலில் கூட்டம் கொள்ளாதென்று, லாரி நிற்கிற திறந்த முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். சாயங்கால வெயில் மேடையின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

ஈஸ்வரி முந்தானையை எடுத்தாள்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த ஜெபா ஓடி வந்தாள். ஜெபா ஈஸ்வரியின் லைனில் தைக்கிற பெண், தூத்துக்குடிப் பக்கம். மனதில் பட்டதைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடிக்காது.

“எக்கா! என்னக்கா இது? மூஞ்சி செங்கல் மாதிரில்லா இருக்கு!”

இருந்தது. சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல். ஜெபாவின் பவுடர் கண்ணாடியை வாங்கி ஈஸ்வரி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வெளுப்பு, கருப்பு எல்லாம் ஆச்சு. செவப்பு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சுங்க,” என்றாள் மெதுவாக. “இந்த மூஞ்சியோட நான் மேடையேற மாட்டேனுங்க. படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியை எடுங்க.”

மேடையில் வரவேற்புரை ஆரம்பித்துவிட்டது. ஆனால் பட்டறையில் ஷேடு தவறிப்போன லாட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. திருத்துவோம். அந்த நினைப்பு வந்ததும் எனக்குள் இருந்த கூச்சக்காரன் நகர்ந்து நின்றான். ஷேடுக்காரன் முன்னால் வந்தான்.

“ஜெபா, உங்க புள்ளைக யார்கிட்ட என்ன ஃபவுண்டேசன் இருக்குதோ, எல்லாத்தையும் கொண்டா!”

வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் வெயில் விழும் இடத்தில் லைன் பெண்கள் கைப்பைகளைக் கொட்டினார்கள். அத்தனை பெண்களும் மாநிறம். பைக்குள் இருந்தது அத்தனையும் காஷ்மீர். என் நிறத்துக்கு அருகில் ஒன்றுகூட இல்லை. ஜெபா ஈஸ்வரியின் முகத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் பார்த்தேன். வாசல் மேசையில் வரவேற்புத் தட்டு. அதில் மஞ்சள் தூள், குங்குமம். ஜெபாவின் பையில் கண் மை. மஞ்சள், சிவப்பு, கருப்பு! வேறென்ன வேண்டும்? உலகத்திலுள்ள எந்தப் பழுப்பு நிறத்தையும் இந்த மூன்றை வைத்துக் கொண்டுவருவேன். தட்டில் வெளுத்த ஃபவுண்டேசனைப் பிழிந்து, மஞ்சள் ஒரு சிட்டிகை, குங்குமம் அரைச் சிட்டிகை, மை ஒரு பொட்டு என்று குழைத்தேன்.

விரலில் எடுத்துக்கொண்டு ஈஸ்வரியின் அருகில் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“இன்னொருக்கா என்ற மூஞ்சில சோதனை பண்ணாதீங்க. ஒரே நெறந்தானுங்களே? உங்க மூஞ்சிலயே பாத்துக்குங்க.”

நியாயம். இடது கன்னத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஜெபா கண்ணாடியைப் பிடித்தாள்.

“மஞ்சக் காமாலை மாதிரி இருக்கு அண்ணாச்சி.”

குங்குமத்தைக் கூட்டினேன். அதற்குக் கீழே இரண்டாவது கோடு.

“பரவால்ல. ஆனா கொஞ்சம் வெளுப்பாத் தெரியுது.”

மையைக் கூட்டினேன். மூன்றாவது கோடு. ஜெபா குனிந்தாள். தலையைச் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

“அண்ணாச்சி, மூணாவது கோட்டக் காணும்!”

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்த மூன்றாவது கலவையை ஜெபா ஈஸ்வரியின் முகத்தில் பரவலாகப் பூசினாள். வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். மங்கு இல்லை. மற்றபடி ஈஸ்வரி, அப்படியே. காலையில் எழுந்து பால் வாங்க வாசலுக்கு வருகிற ஈஸ்வரி. கண்ணாடியை வாங்கி அவளும் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள்.

“நானாத்தான் இருக்கறேன்,” என்றாள்.

அந்த நிமிடத்தில் என் கதை முடிந்திருந்தால், இன்று திருப்பூரில் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருப்பேன். மைக்கில் குரல் வந்தது: “இருபத்தைந்து ஆண்டு சேவை முடித்த திருமதி ஈஸ்வரி அவர்களையும், அவர் கணவரையும் மேடைக்கு அழைக்கிறோம்.”

கணவரையும்! எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கன்னத்தைக் கழுவக் குழாயடிக்கு ஓடினேன். அங்கே ஒரு துணி சோப்புக் கட்டி இருந்தது. எடுத்துக் கன்னத்தில் போட்டு, பரபரவென்று தேய்த்துக் கழுவினேன்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. வேட்டியில் சாம்பார் பட்டு, அதில் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும். சோப்பில் உள்ள காரம் பட்டால் எந்தச் சாயம் எப்படி மாறும் என்பதை வைத்தே சோறு தின்கிற நான் அதை மறந்தேன். ஃபவுண்டேசனும் மையும் போய்விட்டன; மஞ்சள் மட்டும் தோலில் ஊறி நின்று சிவந்தது. மூன்று கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக, கன்னத்தின் குறுக்கே. காணாமல் போயிருந்த மூன்றாவது கோடும் கலகலவென்று திரும்பி வந்துவிட்டது.

எனக்கு அது தெரியாது. குழாயடியில் கண்ணாடி இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுத்தமாக இருக்கிறேன் என்ற நிம்மதியோடு மேடையேறினேன்.

முன்வரிசையில் சலசலப்பு. முதலில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் இடுப்பில் இடித்தாள். பிறகு வரிசையாக இடிபட்டுக்கொண்டே போயிற்று. ஒருத்தி தன் கையை விரித்து விரல்களைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு ஈஸ்வரியை, இதற்கு முன் பார்த்திராத மரியாதையோடு பார்த்தாள்.

முதலாளி ஷீல்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். தங்கமான மனிதர்.

“ஏனுங்க, ஊட்டுல எதாச்சும் பிரச்சனைங்களா?”

“இல்லீங்களே.”

“கன்னத்துல விரல் பதிஞ்சிருக்குதுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்க வேண்டும். மைக் ஒரு அடி தூரத்தில் இருந்தது. முற்றம் நிறையக் கூட்டம் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: “அவ அடிக்கலீங்க.”

மைக் அதை எடுத்து முற்றம் முழுவதற்கும் சொன்னது.

பிறகு கைதட்டல். லைன் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பின்னாலிருந்து விசில். கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் பையன்கள் விவரம் புரியாமலே ‘தீதி! தீதி!’ (அக்கா! அக்கா!) என்று கத்தினார்கள். ஈஸ்வரி திரும்பி என் கன்னத்தைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்தாள். முதலாளி ஷீல்டின் ஒரு முனையை அவள் கையிலும் மறுமுனையை என் கையிலும் கொடுத்தார். சிரிப்பு உடைந்து அவள் முகம் முழுவதும் பரவிய அதே நொடியில் போட்டோகிராபர் எடுத்துவிட்டார்.

விழா முடிந்ததும் அவர் கேமராவில் படத்தைக் காட்டினார். ஈஸ்வரி, அவள் நிறத்தில், வெயிலில், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அருகில் நான், அடிவாங்கிய கையோடு கூட்டிவரப்பட்டவனைப் போல.

“அண்ணனை வெட்டிரலாம்னா ஷீல்டு பாதி போயிருமுங்க,” என்றார் போட்டோகிராபர். “கன்னத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுத்துடறேன். ரெண்டே நிமிஷம்.”

“எடுத்துடுங்க, எடுத்துடுங்க,” என்றேன்.

“வேண்டாமுங்க,” என்றாள் ஈஸ்வரி.

“ஏம் புள்ள?”

“கன்னத்துல ஆரம்பிப்பாங்க. கை சும்மா இருக்காது, அப்படியே என்ற மூஞ்சிக்கும் வந்துருவாங்க. எத்தனை ஸ்டூடியோ பாத்திருக்கறேன்.” போட்டோகிராபரிடம் திரும்பினாள். “தம்பி, இதுல ஒரு புள்ளி மாறியிருந்தாலும் நான் மாட்ட உடமாட்டேன். சொல்லிட்டேன்.”

“ஈசு, வர்றவன் போறவன் எல்லாம் பாப்பானே. நீ என்னை அடிச்சேன்னு நெனைப்பானே.”

அவள் கேமராவை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தாள்.

“நெனைச்சுக்கட்டுமுங்க,” என்றாள். “உங்களுக்குச் சங்கடமுங்களா?”

சங்கடம்தான். ஆனால் அவள் அந்தப் படத்தைப் பார்த்த மாதிரி வேறெதையும் பார்த்து நான் கண்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் எதை அடித்துச் சொன்னாலும், தக்காளி நல்ல தக்காளி என்றாலும் சரி, தரணிக்கு வந்த மாப்பிள்ளை நல்ல பையன் என்றாலும் சரி, மகள் கேட்பது ஒன்றுதான்: “டேலைட்ல பாத்தீங்களாப்பா?” ஈஸ்வரியின் லைனில் புதிதாகச் சேருகிறவர்கள் யாரும் அவளிடம் எதிர்த்துப் பேசுவதில்லையாம். ஜெபா முதல்நாளே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டிவிடுகிறாள். நானும் வாயால் விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

விழாவுக்கு மறுநாள் மத்தியானமே படம் ஃபிரேம் போட்டு வந்துவிட்டது. கம்பெனி எலக்ட்ரீசியன் ஆணி அடித்து மாட்டினார். ஈஸ்வரி சாப்பாட்டு நேரத்தில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு லைனுக்குத் திரும்பினாள். கன்னத்துக் கோடுகள் இன்னும் போகாததால், நான் பட்டறைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன்.